மஃபாஸாவும் தலீலும்: பாலைவெளி வழிகாட்டிகள் குறித்து

அரபுக் கல்லூரியில் சேரும் மாணவர் முதலாண்டிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளும் சொற்களுள் ஒன்று 'தலீல்'. உஸூலுல் ஃபிக்ஹ் பாடத்தில் அதன் பொருள் ஆதாரம் என்பதாகும். ஒரு சட்டத்தைக் கூறி, இதற்குத் தலீல் யாது என்று வினவினால் திருவசனத்தையும் நபிமொழியையும் தடையின்றி ஒப்புவிப்பர். ஆயின் அச்சொல் நூலுக்குள் நுழைவதற்கு முன் பாலைவெளியில் நடமாடிக்கொண்டிருந்தது. பயணக்கூட்டத்திற்கு முன்னால் நடந்து, நீர் இருக்கும் திசையைக் காட்டும் மனிதனே அரபுகளின் தலீல். அவன் பிழைத்தால் கூட்டம் பிழைக்கும். அவன் தவறினால் கூட்டம் மாயும். ஆதாரம் என்னும் பொருள் அங்கிருந்து பின்னர் விரிந்ததே.

சில ஆண்டுகளுக்கு முன் ஸஹீஹுல் புகாரியின் 'கிதாபுல் இஜாரா'வை நாம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஹிஜ்ரத் பயணத்திற்குக் கூலிக்கு அமர்த்தப்பட்ட வழிகாட்டியைப் பற்றிய செய்தி வந்தது. பின் வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், அவர் பிறகு ஈமான் கொண்டாரா?" என்று கேட்டார். அறிஞர்கள் சொல்லியிருப்பதைச் சொல்லி அன்று பாடத்தை முடித்துவிட்டோம். எனினும் அவ்வினா நம்மை விடவில்லை. அதனைப் பின்தொடர்ந்து சென்றபோது கண்டவற்றுள் சிலவற்றை இங்கு எழுதுகிறோம்.

முதலில் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாலைவனம் என்றதும் நம் மக்களின் கண்முன் வருவது நாட்காட்டிப் படத்து மணல்மேடும், ஓர் ஒட்டகமும், ஒரு பேரீச்சமரமும்தாம். ஹிஜாஸின் நிலம் அத்தன்மையதன்று. அங்கே மணலைக் காட்டிலும் கல்லே மிகுதி. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடைப்பட்ட பரப்பில் எரிமலைக் குழம்பு உறைந்து கருங்கற்பரப்பாகிவிட்ட நிலங்கள் உள்ளன. அரபுகள் அவற்றை 'ஹர்ரா' என்பர். மதீனாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஹர்ரத் ரஹாத் அவற்றுள் பெரியது. ஹிஜ்ரி 654இல் (கி.பி. 1256) மதீனாவாசிகள் கண்டு நடுங்கிய நெருப்பு அதன் வடகோடியில் எழுந்ததுதான். அக்கற்களின் விளிம்பு கத்தி போன்றது. மணலுக்கெனப் படைக்கப்பட்ட ஒட்டகத்தின் மெத்தடி அதில் கிழிந்துபோகும். ஹர்ராவைச் சுற்றி வெள்ளம் அறுத்த வாதிகளும், ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும் கணவாய்களும், எங்கு போய் முடியும் என்று தெரியாத பிளவுகளும் உள்ளன. ஒரு பிளவில் தவறாக நுழைந்தவன் ஒரு பகலை இழப்பான். கோடையில் ஒரு பகல் என்பது ஓர் உயிர்.

இத்தகைய நீரற்ற பெருவெளிக்கு அரபுகள் இட்ட பெயர்களுள் ஒன்று 'மஃபாஸா'. 'ஃபவ்ஸ்' என்றால் வெற்றி, ஈடேற்றம். மனிதரைக் கொல்லும் இடத்திற்கு ஈடேற்றத்தலம் என்று பெயரிட்டதேன்? நற்சகுனம் கருதியே என்றனர் மொழிநூலார் சிலர். பாம்பு தீண்டியவனை 'ஸலீம்', அதாவது நலமானவன், என்று அழைத்த மக்கள் அல்லரோ அவர்கள்! நாகத்தை 'நல்ல பாம்பு' என்னும் நம் தமிழர்க்கு இதில் வியப்பிராது. வேறு சிலர் இவ்விளக்கத்தை ஏற்காமல், 'ஃபவ்வஸ' என்னும் வினைக்கு மாண்டான் என்ற பொருளும் உண்டென்றும், பெயர் நேரடியாகவே அழிவைக் குறிக்கிறதென்றும் வாதிட்டனர். நமக்கு முதல் விளக்கமே பொருந்துவதாகத் தோன்றுகிறது. அச்சத்தைப் பெயரால் மூடுவது மனித இயல்பு.

இனி அந்த வழிகாட்டி. கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் மக்காவை விட்டு வெளியேற முடிவு செய்தபோது, பனூ அத்தீல் கோத்திரத்தைச் சேர்ந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைக் கூலி பேசி அமர்த்தினர். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தியில் அவர் 'ஹாதியன் கிர்ரீத்தன்' எனக் குறிக்கப்படுகிறார். கிர்ரீத் என்பது வழியறிவில் தேர்ந்தவரைக் குறிக்கும். ஊசியின் காதைக் குறிக்கும் 'குர்த்' என்னும் சொல்லோடு மொழிநூலார் அதனைத் தொடர்புபடுத்துவர்: ஊசிக்காதளவு இடைவெளியிலும் வழி கண்டு நுழைபவர். அவர் குறைஷி நிராகரிப்பாளர்களின் மார்க்கத்திலேயே இருந்தார் என்பதையும் அச்செய்தி ஒளிக்கவில்லை. இரு ஒட்டகங்களும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டன. மூன்று இரவுகள் கழிந்தபின் ஸவ்ர் குகைக்கு அவற்றைக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. நான்கு மாதங்களாக ஸமுர் மரத்தின் இலைகளைத் தின்னக் கொடுத்து அபூபக்கர் (ரலி) வளர்த்துவந்த ஒட்டகங்கள் அவை. அவற்றுள் ஒன்றைக் கூட நபியவர்கள் (ஸல்) விலை பேசாமல் ஏற்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் கனத்தைச் சற்று நிறுத்தி எண்ண வேண்டும். பிடித்துக் கொடுப்போருக்கு ஆளுக்கு நூறு ஒட்டகம் தருவதாகக் குறைஷிகள் அறிவித்திருந்தனர். மக்காவில் அந்த மூன்று நாட்களும் இவ்விருவரும் இருக்குமிடத்தை அறிந்தோர் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் இணைவைப்பாளர். கூலிக்கு வேலை செய்பவர். ஒரு சொல் சொன்னால் தம் வாழ்நாளில் ஈட்ட முடியாத செல்வம் அவர் வாயிலில் வந்து நிற்கும். அவர் சொல்லவில்லை. குறித்த நாளின் காலையில் ஒட்டகங்களோடு வந்து நின்றார்.

இமாம் புகாரி இச்செய்தியை ஹிஜ்ரத் பற்றிய பகுதியில் மட்டும் வைக்காமல், கூலி பற்றிய நூலிலும் எடுத்து வைத்து, தேவையின்போதோ முஸ்லிம் எவரும் கிடைக்காதபோதோ இணைவைப்பாளரைக் கூலிக்கு அமர்த்துவது குறித்த தலைப்பை இட்டார். புகாரியின் சட்டஞானம் அவருடைய தலைப்புகளில் இருக்கிறது என்று நம் ஆசிரியர்கள் அடிக்கடி கூறுவர். தேவை என்னும் நிபந்தனையைக் குறித்துப் பின்வந்தோர் நெடிது விவாதித்துள்ளனர். அவ்விவாதத்திற்குள் நாம் இப்போது புகவில்லை. நிகழ்ந்ததை மட்டும் பார்ப்போம்: துறைவல்லமை, நம்பகம் என்னும் இரண்டும் ஒரு மனிதரிடம் காணப்பட்டன, அவர் அமர்த்தப்பட்டார்.

நம் மேடைகளில் ஹிஜ்ரத் பேசப்படும்போது சிலந்தி வலைக்கும் புறாக்களுக்கும் கிடைக்கும் நேரம் இப்னு உரைகித்துக்குக் கிடைப்பதில்லை. சிலந்தி பற்றிய அறிவிப்பின் தரத்தில் ஹதீஸ் கலைஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முஸ்னத் அஹ்மதில் வரும் அதனை இப்னு கஸீர் ஹஸன் என மதித்தார். வேறு பலர் பலவீனமானது என்றனர். புறா பற்றிய அறிவிப்பு அதனினும் பலவீனமானது. அல்லாஹ்வின் உதவியை நாம் மறுப்பவரல்லோம். குகையில் இருந்த இருவருக்கு அவன் புரிந்த உதவியைத் திருமறையே (9:40) பேசுகிறது. ஆனால் அவ்வுதவியை நம்பியிருந்தவர் எத்துணை நுணுக்கமாகத் திட்டமிட்டார் என்பதை விட்டுவிடுவது ஸீராவைப் பாதியாக்குவதாகும். யஸ்ரிப் வடக்கே இருக்கிறது; ஸவ்ர் குகையோ மக்காவுக்குத் தெற்கே. பகலில் ஊர்ச்செய்தியைக் கேட்டு இரவில் கொண்டுவர அபூபக்கரின் மகன் அப்துல்லாஹ். உணவுக்கு அஸ்மா. பாலுக்கு ஆமிர் இப்னு ஃபுஹைரா. அப்துல்லாஹ் வந்துபோன காலடிச் சுவட்டின் மேல் தம் ஆட்டு மந்தையை ஓட்டி அதனை அழித்ததும் அவரே என்கிறார் இப்னு இஸ்ஹாக்.

இந்தச் சுவடழிப்பு வீண் எச்சரிக்கை அன்று. அரபுகளிடையே 'கியாஃபா' என்பது ஒரு கலை. மணலில் பதிந்த அடியைக் கண்டு ஆளைச் சொல்லும் திறமை அது. பனூ முத்லிஜ் கோத்திரத்தார் அதில் பெயர் பெற்றவர்கள். போர்வைக்கு வெளியே தெரிந்த இரு சோடிக் கால்களை மட்டும் கண்டு, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று ஸைத் (ரலி), உஸாமா (ரலி) ஆகியோரின் உறவைச் சொன்ன முஜஸ்ஸிஸ் அக்கோத்திரத்தவரே. பரிசுக்காகக் குதிரையில் துரத்திவந்த ஸுராகா இப்னு மாலிக்கும் முத்லிஜியே! ஆக, அப்பயணத்தில் வழி காண்பதில் தேர்ந்தவர் ஒருவர் முன்னே செல்ல, சுவடு காண்பதில் தேர்ந்த குலத்தவர் ஒருவர் பின்னே வந்தார். ஸுராகாவின் குதிரை மணலில் புதைந்ததும், அவர் அபயம் வேண்டியதும், ஆமிர் இப்னு ஃபுஹைரா தோல் துண்டில் அபயச்சீட்டு எழுதிக் கொடுத்ததும் வாசகர் அறிந்தவையே.

இப்னு ஹிஷாம் பாதுகாத்துள்ள தங்குமிடப் பட்டியலைப் பெரும்பாலோர் வாசிக்காமல் கடந்துவிடுகின்றனர். வெறும் பெயர்கள்தாமே என்னும் எண்ணம். நிலப்படத்தை அருகில் விரித்துக்கொண்டு வாசித்தால் அப்பெயர்கள் பேசும். மக்காவின் கீழ்ப்புறம் வழியாக இறங்கிக் கடற்கரைப் பக்கம் சென்று, உஸ்ஃபானுக்குக் கீழே பாதையைக் குறுக்காகக் கடந்தார்கள். அமஜுக்குக் கீழே சென்றார்கள். குதைதைத் தாண்டியபின் மீண்டும் பாதையைக் குறுக்காகக் கடந்தார்கள். பிறகு கர்ரார், ஸனிய்யத்துல் மர்ரா, லக்ஃப் எனக் கணவாய்களும் பள்ளங்களும் தொடர்கின்றன. வணிகர் பாதையை அவர்கள் பின்பற்றவில்லை. தேவைப்பட்ட இடங்களில் வெட்டிக் கடந்தார்கள். அர்ஜ் என்னுமிடத்தில் ஒட்டகம் ஒன்று தளர்ந்துவிட, அஸ்லம் குலத்தவர் ஒருவர் தம் ஒட்டகத்தைக் கொடுத்து உதவினார். ரகூபாவின் வலப்புறக் கணவாயில் ஏறி, ரிஃம் பள்ளத்தாக்கில் இறங்கி, ரபீஉல் அவ்வல் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், வெயில் உச்சியை நெருங்கிய வேளையில் குபாவை அடைந்தனர்.

அதன் பின்னும் இப்னு உரைகித்தின் பெயர் ஒருமுறை வருகிறது. மதீனாவிலிருந்து நபியவர்கள் (ஸல்) தம் குடும்பத்தாரை அழைத்துவர ஸைத் (ரலி), அபூராஃபிஉ (ரலி) ஆகிய இருவரை அனுப்பியபோது, அபூபக்கர் (ரலி) தம் வீட்டாருக்காக அவர்களோடு அனுப்பியது இவரையே என்கிறது இப்னு ஸஅதின் 'தபகாத்'. ஆண்கள் உயிரை ஒப்படைத்தது முதல் பயணத்தில். பெண்களையும் பிள்ளைகளையும் ஒப்படைத்தது இரண்டாம் பயணத்தில். அதன் பின் வரலாறு அவரைப் பற்றி மௌனமாகிவிடுகிறது. அவர் இஸ்லாத்தை ஏற்றதாக அறியப்படவில்லை என்றார் அப்துல் கனீ அல்மக்திஸீ. நவவீயும் அவ்வாறே கருதினார். தஹபீ மட்டும் அவரை ஸஹாபாக்களின் பட்டியலில் சேர்த்துள்ளார் என்று இப்னு ஹஜர் குறிப்பிடுகிறார். மாணவருக்கு நாம் அன்று சொன்ன விடை இவ்வளவே.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு தலீல். ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) இராக்கில் இருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களுக்கு, ஷாமில் போரிடும் படைகளுக்கு உதவியாக விரைந்து செல்லுமாறு கலீஃபா அபூபக்கர் (ரலி) ஆணையிட்டார். வழக்கமான வழியில் சென்றால் ரோமரின் காவலரண்கள் தடுக்கும். குராகிர் என்னும் நீர்நிலையிலிருந்து ஸுவா என்னும் நீர்நிலைக்கு, இடையில் ஐந்து நாள் நீரற்ற வெளியைக் கடக்க அவர் முடிவெடுத்தார். வழிகாட்டி ராஃபிஉ இப்னு உமைரா அத்தாஈ.

இந்த ராஃபிஉவின் முன்வரலாறு சுவையானது. அவர் ஒரு காலத்தில் கிறிஸ்தவர். ஸர்ஜிஸ் என்பது அன்றைய பெயர். ஒட்டகக் கொள்ளைக்காரர். தீக்கோழி முட்டை ஓடுகளில் நீரை நிரப்பி மணற்காட்டில் ஆங்காங்கே புதைத்து வைப்பாராம். பிறகு ஒட்டகங்களைக் கவர்ந்துகொண்டு மணலுக்குள் ஓடிவிட்டால், நீரின்றித் துரத்திவர எவனும் துணியமாட்டான். இவரோ புதைத்த முட்டைகளைத் தோண்டிக் குடித்துக்கொண்டு போவார். இஸ்லாத்தை ஏற்றபின் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில் அபூபக்கர் (ரலி) அவர்களோடு துணையாய்ச் சென்று, எனக்கு உபதேசியுங்கள் என்று கேட்டவரும் இவரே. இரண்டு பேருக்குக்கூடத் தலைவராகாதே என்பது அவர் பெற்ற உபதேசங்களுள் ஒன்று. அந்த அபூபக்கரே பின்னர் சமுதாயம் முழுமைக்கும் தலைவரானபோது, வந்து நியாயம் கேட்டாராம்! கொள்ளைக்காரனின் அறிவு படையின் உயிர்காப்பாக மாறிய விதத்தை வரலாற்றாசிரியர்கள் ஒருசேரச் சொல்லாவிட்டாலும், இரு செய்திகளையும் அருகருகே வைத்து வாசிப்பவருக்கு அது புலப்படும்.

குதிரைகளோடும் சுமைகளோடும் அவ்வழியில் போக முடியாது, தனியாகச் செல்லும் ஒட்டகக்காரனே அஞ்சும் வழி அது என்று ராஃபிஉ முதலில் மறுத்தார். காலித் (ரலி) வற்புறுத்தவே, பருத்து முதிர்ந்த இருபது ஒட்டகங்களைக் கேட்டார். அவற்றை நீரின்றி வாட்டி, பின்னர் வயிறு முட்டக் குடிக்கச் செய்து, அசை போடாதவாறு வாயைக் கட்டினார். ஒவ்வொரு தங்கலிலும் சிலவற்றை அறுத்து, இரைப்பையிலிருந்த நீரைக் குதிரைகளுக்குக் கொடுத்தனர். மனிதர் தாம் சுமந்துவந்த நீரைக் குடித்தனர். தபரீ தரும் இவ்விவரத்தை இக்காலத்தார் சிலர் ஐயுறுகின்றனர். ஒட்டகத்தின் வயிற்றில் நீர்த்தொட்டி ஏதுமில்லை என்பதும், திமிலில் இருப்பது கொழுப்பே என்பதும் உயிரியலார் நிறுவிய உண்மைகள். ஆயினும் தாகித்த ஒட்டகம் சில நிமிடங்களில் நூறு லிட்டர் வரை குடிக்கும் என்பதும், அதன் முன்வயிற்றில் திரவம் நிறைந்திருக்கும் என்பதும் அவர்களே சொல்பவை. படை சென்ற வழி எது, ஆண்டு நிகழ்ச்சிகளின் வரிசை எது என்பவற்றிலும் பழைய அறிவிப்புகள் தம்முள் முரண்படுகின்றன. அதனையும் மறைக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் நீர் தீர்ந்தது. ராஃபிஉவுக்கோ கண்நோய், எதிரே இருப்பது தெரியவில்லை. அமர்ந்திருக்கும் மனிதனைப் போன்ற ஒரு முட்புதர் தென்படுகிறதா, பாருங்கள் என்றார். இல்லை என்றனர். அப்படியானால் நீங்களும் அழிந்தீர்கள், நானும் அழிந்தேன் என்று புலம்பி, மறுபடி தேடுங்கள் என்றார். யாரோ வெட்டிவிட்ட புதரின் அடிக்கட்டை கிடைத்தது. அதன் வேரில் தோண்டியபோது நீர் சுரந்தது. பின்னர் அவர் சொன்னார்: இந்த நீருக்கு வாழ்நாளில் ஒரேயொரு முறை வந்திருக்கிறேன், அப்போது நான் சிறுவன், என் தந்தையோடு வந்தேன்.

பார்வை மங்கிய ஒருவர் படைக்கு வழி காட்டியது தற்செயல் என்றே நாமும் எண்ணியிருந்தோம், மற்ற இரு செய்திகளைக் காணும் வரை. அவற்றுள் முதலாவது, கிரனடாவில் பிறந்து ஃபாஸில் கற்ற அல்ஹஸன் அல்வஸ்ஸான் எழுதியது. 1518இல் கடற்கொள்ளையரால் சிறைப்பிடிக்கப்பட்டுப் போப்பரசரிடம் ஒப்படைக்கப்பட்ட இவரை ஐரோப்பியர் லியோ ஆஃப்ரிக்கானுஸ் என்பர். 1526இல் முடித்த ஆப்பிரிக்க விவரண நூலில், லிபியப் பாலைவெளியில் வழி தவறிய ஒரு வணிகக் கூட்டத்தைப் பற்றிக் கூறுகிறார். வழிகாட்டியின் பெயர் ஹமர். அவருடைய கண்கள் கெட்டுவிட்டன. அவர் முன்னால் ஒட்டகத்தில் அமர்ந்து, ஒவ்வொரு மைலுக்கும் ஒரு பிடி மணலை எடுத்துத் தரச் சொல்லி முகர்ந்தார். நாற்பது மைல் இருக்கும்போதே, மக்கள் வாழுமிடம் அண்மையில் உள்ளது என்றார். சிலர் நம்பவில்லை. அவர் சொன்னதே நடந்தது.

கட்டுக்கதை என்று இதனைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. 'மஸாஃபா' என்றால் தொலைவு; ஒவ்வோர் அரபு மாணவரும் அறிந்த சொல். கஸ்ர் தொழுகையின் சட்டத்தில் தினமும் வரும் சொல். அதன் வேர் 'ஸவ்ஃப்', அதாவது முகர்தல். வழி தவறிய தலீல் மண்ணை எடுத்து முகர்ந்து, தான் சரியான வழியில் இருக்கிறானா என்று அறிவான்; ஆதலின் தொலைவுக்கு இப்பெயர் வந்தது என்கிறது 'லிஸானுல் அரப்'. வணிகப்பாதையின் மண்ணில் ஒட்டகச் சாணமும் சிறுநீரும் கலந்திருக்கும். மிதிபடாத மண்ணில் அவ்வாடை இராது என்பதே இதற்கு எளிய விளக்கமாகலாம். கிலோமீட்டர் கணக்கில் நாம் எழுதும் ஒரு சொல்லுக்குள் மண்ணை முகரும் மூக்கு ஒன்று இருக்கிறது!

அரசுகள் வலுப்பெற்ற காலங்களில் தலீலின் தேவை குறைந்தது. கூஃபாவிலிருந்து மக்கா வரை ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஹஜ் பாதையில் அப்பாஸியர் மைல்கற்களையும் நீர்த்தேக்கங்களையும் அமைத்தனர். ஹாரூன் ரஷீதின் துணைவி ஸுபைதா (இறப்பு ஹிஜ்ரி 216) செய்த அறங்களால் அப்பாதை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. கல்லும் கிணறும் வழி சொன்ன இடத்தில் மனிதன் சொல்ல வேண்டியதில்லை. ஆட்சி தளர்ந்து கிணறு தூர்ந்தபோது மீண்டும் அவன் தேடப்பட்டான். இருபதாம் நூற்றாண்டில் ருப்உல் காலீயைக் கடந்த ஐரோப்பியர் தாமஸ், ஃபில்பீ, தெஸிகர் ஆகியோரின் புகழ் உலகறிந்தது. அவர்களை அழைத்துச் சென்ற பதவிகளின் பெயர்களை நம் சமுதாயத்திலேயே எத்தனை பேர் அறிவர்? தெஸிகரைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும்: 1959இல் வெளிவந்த தம் பயணநூலைத் தம்மோடு நடந்த பின் கபீனா, பின் குபைஷா என்னும் இரு இளைஞருக்கே அவர் காணிக்கையாக்கினார்.

இரண்டாவது செய்தி இப்னு பதூதாவினுடையது. ஹிஜ்ரி 753 முஹர்ரம் மாதத் தொடக்கத்தில் (கி.பி. 1352) ஸிஜில்மாஸாவிலிருந்து தென்புறம் புறப்பட்ட அவர், இருபத்தைந்து நாட்களில் தகாஸாவை அடைந்தார். வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு ஒட்டகத்தோலால் வேயப்பட்ட ஊர் அது. அதற்கப்பால் பாதை என்று ஒன்றில்லை. காற்று மணற்குன்றுகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அங்கே மஸூஃபா குலத்தவர் ஒருவரை 'தக்ஷீஃப்' ஆக அமர்த்துவர். அவர் தனியே முன்சென்று வலாத்தா நகரத்தாருக்குக் கடிதங்களைச் சேர்ப்பார். அவர்கள் நான்கு இரவுத் தொலைவு நீரோடு எதிர்வந்து கூட்டத்தைச் சந்திப்பர். தக்ஷீஃப் வழியில் மாண்டுவிட்டால், கூட்டம் வருவதே அங்கு யாருக்கும் தெரியாது. அனைவரும் அல்லது பெரும்பாலோர் மடிவர். இப்னு பதூதாவின் கூட்டம் அவருக்குக் கொடுத்த கூலி நூறு மிஸ்கால் பொன். ஏழாம் இரவு எதிர்வந்தோரின் தீ வெளிச்சம் தெரிந்தபோது அவர்கள் மகிழ்ந்தார்கள். அக்கூட்டத்தின் தலீல் ஒரு கண் இல்லாதவர், மறு கண்ணும் நோயுற்றவர். ஆனால் அவரைவிட வழியறிந்தவர் இல்லை என்று வியந்து எழுதுகிறார் இப்னு பதூதா. ராஃபிஉ, ஹமர், பெயர் எழுதப்படாத இவர் என மூவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

அதே பயணத்தில் இப்னு ஸீரீ என்பவர் தம் தாய்மாமன் மகனோடு சண்டையிட்டு, கூட்டத்திலிருந்து பின்தங்கினார். இரவு தங்கலில் அவரைக் காணவில்லை. மஸூஃபா ஒருவருக்குக் கூலி கொடுத்துச் சுவடு பார்த்துத் தேடச் சொல் என்று இப்னு பதூதா அந்த உறவினரிடம் கூறினார். அவர் மறுத்துவிட்டார். மறுநாள் மஸூஃபா ஒருவர் கூலியே வேண்டாம் என்று தாமாகப் புறப்பட்டுச் சென்றார். சுவட்டைக் கண்டார், அது சில இடங்களில் பாதையில் சென்றது, சில இடங்களில் விலகியது. ஆளைக் காணவில்லை. சிறிது தொலைவில் எதிரே வந்த வேறொரு வணிகக் கூட்டத்தார், தம்முள்ளும் சிலர் பிரிந்துபோயினர் என்றனர். அவர்களுள் ஒருவரை இவர்கள் மணலில் வளரும் ஒரு சிறு மரத்தடியில் கண்டனர். உடுத்த ஆடை உடலிலேயே இருந்தது, கையில் சாட்டை இருந்தது, உயிர் இல்லை. நீர் அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் இருந்தது.